பதினேழாம் இலக்கப் பை

தில்லைநாதன் அந்தக் கடைக்குள் நுழையும்போது இரண்டு கைகளையும் தூக்கினார்.

யாரும் தூக்கச் சொல்லவில்லை. வவுனியா நகரில் புதிதாகத் திறந்திருந்த மூன்று மாடிக் கடை அது. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் குளிர்காற்று முகத்தில் அடிக்கும். கதவடியில் நீலச் சீருடையும் தொப்பியுமாக ஒரு காவலாளி நின்றார். அவ்வளவுதான். அன்று காலை ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் சீருடைக்கு முன்னால் தூக்கிய கைகள், இங்கேயும் ஒரு சீருடையைக் கண்டதும் தாமாகவே மேலே போய்விட்டன. கைகளுக்கு நீலமும் பச்சையும் பிரித்தறியத் தெரியாது.

காவலாளி ஒரு கணம் திகைத்துவிட்டு, அவர் கொண்டுவந்த பையை வாங்குவதற்காகக் கையை நீட்டினார். நீட்டிய கையைக் கண்டதும் தில்லைநாதன் வலது கையை இறக்கி, சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து, மிகுந்த பணிவோடு அதில் வைத்தார்.

காவலாளி அட்டையைப் பார்த்தார். அட்டைக்காரரைப் பார்த்தார். பிறகு, நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்த உரப்பையைப் பார்த்தார். பை ‘கிலுக்’ என்றது. அட்டையை என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை; திருப்பிக் கொடுத்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று நினைத்திருக்கலாம். இரண்டையும் வாங்கிப் பதினேழாம் இலக்கத் தட்டில் வைத்து, பதினேழு என்று எழுதிய பிளாஸ்ரிக் டோக்கன் ஒன்றைக் கொடுத்தார். தில்லைநாதன் “தாங்ஸ்” என்று சொல்லிவிட்டு, இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆனி மாதத்தில், கிளிநொச்சி விலாசம் போட்ட தன் அட்டையை ஒரு கடை வாசலில் விட்டுவிட்டு, தன்பாட்டுக்கு மேல்மாடிக்குப் போனார்.

போன காரியம் ஒரு பிளாஸ்க்.

மகள் கஜேந்தினிக்கு இது ஒன்பதாம் மாதம். ஆஸ்பத்திரிக்குப் போனால் சுடுதண்ணீருக்கு பிளாஸ்க் வேண்டும் என்று போன மாதம் இதே கடையில்தான் வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே, சோதித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று கொதிக்கக் கொதிக்க ஒரு கேத்தல் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினார். உள்ளே ‘படீர்’ என்றது. முதலில் இளஞ்சூடாக ஊற்றவேண்டும் என்று பெட்டியில் மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. அவர் ஒரு மொழியில்கூட வாசிக்கவில்லை. மனைவி சிவலட்சுமி ஒரு பார்வை பார்த்தா. அந்தப் பார்வைக்கு வவுனியா வரை வருவதே சுகம் என்று வந்துவிட்டார். “வாங்கேக்கையே உடைஞ்சுதான் இருந்தது” என்ற பொய்யை வழி முழுக்க வாய்க்குள் உருட்டி உருட்டி நன்றாக வழுவழுப்பாக்கி வைத்திருந்தார்.

இரண்டாம் மாடியில் ‘தங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி’ என்று எழுதிய மேசைக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருந்தாள். நெஞ்சில் குத்தியிருந்த பட்டியில் நஸ்மியா என்று பெயர்.

“அங்கிள், பில்லும் சாமானும் வேணும்.”

“பில் இருக்குப் பிள்ளை. சாமான் கீழை பையுக்கை.”

“அப்ப எடுத்திட்டு வாங்கோ.”

“பையோடை மேலை விடமாட்டம் எண்டினம்.”

“சாமான் இல்லாமல் மாத்தேலாது அங்கிள்.”

இரண்டுமே நியாயமாக இருந்தன. தில்லைநாதன் கீழே இறங்கினார்.

பை வைக்குமிடத்தில் இப்போது வேறொரு காவலாளி நின்றான். டோக்கனை வாங்கியவன், பதினேழாம் தட்டிலிருந்து உரப்பையை எடுத்து, உடம்பில் படாமல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, பிறந்த குழந்தையைக் கொடுப்பதுபோல் கொடுத்தான். நகரத்துப் பெடியளுக்கு மரியாதை தெரிந்திருக்கிறது என்று தில்லைநாதன் மனம் குளிர்ந்தார்.

“என்ரை ஐசி, தம்பி?”

“என்ன ஐசி?”

“அடையாள அட்டை. பையோடை குடுத்தனான்.”

“நாங்கள் ஐசி வாங்கிறேல்லை ஐயா.”

“வாங்கிறேல்லைத்தான். நான் குடுத்திட்டன். முந்தி நிண்டவரிட்டை.”

“முந்தி ஒருத்தரும் நிக்கேல்லை. காலமையிலை இருந்து நான்தான் நிக்கிறன்.”

அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தில்லைநாதனின் கையிலிருந்த பையைப் பார்த்துச் சொன்னான்.

தில்லைநாதன் வெறும் சட்டைப் பையை ஒருதரம் தடவிப் பார்த்தார்.

இராணுவப் பகுதிக்கும் புலிகளின் பகுதிக்கும் நடுவிலிருந்த ஓமந்தைச் சாவடி ஐந்தரைக்கு மூடும். அட்டை இல்லாமல் அதைக் கடக்க முடியாது. கடக்காவிட்டால் நகரில் தங்க வேண்டும். தங்குவதற்கு லொட்ஜில் முதலில் கேட்பது அட்டை. தெருவில் நிற்கலாமென்றால் சந்திக்குச் சந்தி கேட்பார்கள். போன கிழமை பஸ் நிலையத்துப் பக்கம் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போன வெள்ளை வான் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. பொலிசுக்குப் போய்ச் சொல்லலாமென்றால் என்ன சொல்வது? “கிளிநொச்சிக்காரன் ஐயா. அட்டையை பிளாஸ்க் கடையிலை குடுத்திட்டன். ஒருத்தரும் கேக்கேல்லை, நானாத்தான் குடுத்தனான்.” இந்தக் கதையைத் தில்லைநாதனிடமே யாராவது சொல்லியிருந்தால் தில்லைநாதனே நம்பியிருக்கமாட்டார்.

படியில் இரண்டு இரண்டாக ஏறினார். பை கிலுக், கிலுக் என்று கூடவே ஏறியது; இந்தமுறை யாரும் தடுக்கவில்லை.

அட்டை காணாமற்போனதைச் சொன்னதும் நஸ்மியா ஒரு முறைப்பாட்டுப் படிவத்தை எடுத்தாள். பெயர் எழுதினாள். விலாசம் கேட்டாள். கிளிநொச்சி வட்டக்கச்சி என்றதும் பேனை ஒருதரம் நின்று பிறகு எழுதியது. “ஐசி நம்பர்?” மனப்பாடமாகச் சொன்னார்.

“சரி அங்கிள். இப்ப ஒறிஜினல் ஐசியைக் காட்டுங்கோ.”

“அதைத்தானே பிள்ளை காணேல்லை எண்டு எழுதுறியள்.”

“ஐசி பாக்காமல் போம் எடுக்கேலாது.”

“ஐசி இருந்தா நான் ஏன் போம் நிரப்புறன்?”

அவள் சிரிக்கவில்லை. சிரிக்க முயன்று முடியாமல் போனது தெரிந்தது. கதிரையைப் பின்னுக்கு இழுத்து, சுவரோடு ஒட்டி இருந்துகொண்டு, “சுப்பவைசரைக் கேளுங்கோ” என்றாள்.

சுப்பவைசர் நிஷாந்தன், கழுத்தில் இறுக்கிக் கட்டிய ரையும் நெற்றியில் வியர்வையுமாக வந்தான். அந்தக் குளிரூட்டிக்குள் வியர்வை எப்படி வந்ததென்பது தில்லைநாதனுக்கு விளங்கவில்லை.

“ஐயா, பாக்கிறம். இருங்கோ.”

“இருக்கோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ தம்பி.”

“மனேச்சர் வரட்டும் ஐயா.”

“மனேச்சர் எங்கை?”

“வெளியிலை.”

“எப்ப வருவார்?”

“வருவார். இல்லாட்டி ஒரு வேலை செய்யுங்கோவன். நாளைக்கு வாங்கோ.”

தில்லைநாதன் பக்கத்தில் கிடந்த நீள வாங்கில் பொத்தென்று இருந்தார்.

ஏனென்றால் இந்த மொழி அவருக்குத் தாய்மொழி. வட்டக்கச்சிப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் முகாமையாளர். ‘பாக்கிறம்’, ‘இருங்கோ’, ‘மனேச்சர் வெளியிலை’, ‘நாளைக்கு வாங்கோ’ என்ற நாலு வசனத்தையும் வைத்துக்கொண்டு மண்ணெண்ணெய் வரிசை, மா வரிசை எல்லாவற்றையும் சமாளித்தவர். மனேச்சர் வெளியிலை என்று மனேச்சரே சொல்லியிருக்கிறார். அதுவும் முகத்துக்கு நேரே. சனம் நம்பிப் போயிருக்கிறது.

அதிலும் இந்த மூன்று கிழமையாக ஒரு விசயம் இருந்தது. கமலேஸ்வரி என்றொரு மனிசி. புருசன் இல்லை, மூன்று பிள்ளைகள். நிவாரண அட்டையைப் பதிய வேண்டும் என்று வாங்கி வைத்தவர், அதை எங்கேயோ விட்டுவிட்டார். வெறும் மாச்சாக்குகளோடு சேர்ந்து கிளிநொச்சிக் களஞ்சியத்துக்குப் போயிருக்கலாம். அந்த மனிசி ஒவ்வொரு நாளும் வந்து வாசலில் நிற்கிறா. இவர் ஒவ்வொரு நாளும் மேசை லாச்சியைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டு, “நாளைக்கு வாங்கோ அக்கா” என்கிறார். லாச்சிக்குள் ஒன்றும் இல்லையென்பது திறக்கும்போதே அவருக்குத் தெரியும்.

அதனால் ‘நாளைக்கு வாங்கோ’ என்றால் ‘தொலைத்துவிட்டோம்’ என்று அர்த்தம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவரைப் பயப்படுத்தியது அதுவல்ல. பொருளைத் தொலைத்தவனுடைய கண் நிலத்தைப் பார்க்கும். இது சொந்த அனுபவம். நிஷாந்தனுடைய கண் நிலத்தைப் பார்க்கவில்லை. பையையும் இவருடைய கையையும் மாறி மாறிப் பார்த்தது. இவர்கள் அட்டையைத் தொலைக்கவில்லை. எங்கேயோ வைத்திருக்கிறார்கள். ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. சங்கக்கடை மொழியில் அதற்கு வசனம் கிடையாது.

வாங்கில் பக்கத்தில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தில்லைநாதன் பையை மடியில் எடுத்து வைத்தார். கிலுக். தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனா. தில்லைநாதன் காலையில் சாவடி வரிசையில் வெய்யிலில் நின்றவர்தான். தன் கக்கத்தை மெல்ல மணந்து பார்த்தார். அப்படியொன்றும் மோசமில்லை.

எதிரே சுவர் நிறைய விற்பனைக்கு மணிக்கூடுகள் தொங்கின. முப்பது இருக்கும். எல்லாம் பத்துப் பத்தில் நின்றன. ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அது இரண்டே முக்கால் காட்டியது. மற்ற இருபத்தொன்பதையும் நம்பலாமா என்று மனம் கெஞ்சியது.

மூன்று மணிக்கு நஸ்மியா எழுந்து போனாள், திரும்பி வரவில்லை. மூன்றரைக்குப் பாத்திரப் பகுதியில் நின்ற விற்பனைப் பிள்ளைகள் ஒவ்வொருவராக மற்றப் பக்கப் படியால் இறங்கினார்கள். நிஷாந்தன் மட்டும் தூணுக்குப் பின்னால் நின்று கைத்தொலைபேசியில் தணிந்த குரலில் கதைத்தான். “ஓம் சேர்… இன்னும் இருக்கிறார் சேர்… மடியிலைதான் வைச்சிருக்கிறார் சேர்…”

யாரிடம்? எதை?

தில்லைநாதன் பையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். தன்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். யாரோ வரப்போகிறார்கள். அதுவரைக்கும் இருத்தி வைத்திருக்கிறார்கள். எழுந்து ஓடலாம்; அட்டை இல்லாமல் எங்கே ஓடுவது? ஓடினால், ஓடினவன் என்ற பெயர் வேறு வரும். அவருடைய அட்டையை வேறு யாராவது சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கேயாவது போய் ஏதாவது செய்தால்? படத்தில் இருப்பது இவர். இருபது வருடத்துக்கு முந்திய படம். மீசையும் முறைப்புமாக, எதையும் செய்யக்கூடிய ஆள் மாதிரித்தான் இருப்பார்.

வரும்போது முறிகண்டிப் பிள்ளையாருக்கு அவசரத்தில் ஒரேயொரு கற்பூரம் மட்டும் கொளுத்திவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகும்போது ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்தார். மூன்றே முக்காலுக்கு அது ஐந்தானது. நாலு மணிக்குப் பதினொன்று. நாலேகாலுக்கு இருபத்தொன்று. அதற்கு மேல் பிள்ளையாரே நம்பமாட்டார் என்று தோன்றியது. கடைசியில், தேங்காய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேறொன்றை வைத்தார். என்னை வீட்டை கொண்டுபோய்ச் சேர், கமலேஸ்வரிக்கு உண்மையைச் சொல்லுறன். நாளைக்கே சொல்லுறன்.

‘நாளைக்கு’ என்று வந்துவிட்டது. பிள்ளையாருக்கும் அதையே சொல்லிவிட்டோமே என்று கண்ணில் தண்ணீர் முட்டியது.

ஓடுகிற மணிக்கூட்டில் நாலரைக்கு ஐந்து நிமிடம் இருந்தது. ஓமந்தைக்குக் கடைசி வான் நாலே முக்காலுக்கு. தில்லைநாதன் பையையும் தூக்கிக்கொண்டு எழுந்தார். சங்கக்கடையில் சனம் கடைசியில் எப்படிக் கத்துமோ அப்படிக் கத்த நினைத்தார். வெளியே வந்தது ஆட்டுக்குட்டியின் குரல்.

“தம்பி! நான் ஒரு வாடிக்கையாளன்! எனக்கொரு மறுமொழி சொல்லுங்கோ!”

என்று சொல்லிப் பையைத் தூக்கி மேசையில் வைத்தார். கொஞ்சம் ஓங்கித்தான் வைத்துவிட்டார்.

கிலுக்!

நிஷாந்தன் பின்னால் பாய்ந்தான். பின்னால் அலுமினியச் சருவப்பானைகளைக் கோபுரமாக அடுக்கி, மேலே ‘விசேட கழிவு’ என்று ஒரு விலைக்குறைப்பு மட்டை குத்தி வைத்திருந்தார்கள். கோபுரம் ஆடியது. ஒருதரம் நிற்கலாமா என்று யோசித்தது. பிறகு முழுவதுமாகச் சரிந்தது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. மூன்று மாடியும் அதிர்ந்தது. சத்தம் ஓய்ந்தபோது அந்த மாடியில் நிற்பவர் எவருமில்லை. நிஷாந்தன் தூணடியில் ரையோடு குப்புறக் கிடந்தான். தில்லைநாதன் எப்போது விழுந்தார் என்று தில்லைநாதனுக்கே தெரியாது. காதைப் பொத்தி, வாயைத் திறந்து, முழங்கையை ஊன்றி, எத்தனையோ வருடப் பழக்கத்தில் மிக நேர்த்தியாகக் கிடந்தார். கடைசி மூடியொன்று மட்டும் நிலத்தில் சுழன்று சுழன்று, போதும் என்று படுத்தது.

பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

பாத்திரத் தட்டின் அடியால், ஒரு முழத் தூரத்தில், இன்னொரு முகம் அவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. நீலத் தொப்பி. முதலில் வாசலில் நின்ற அதே காவலாளி. தட்டுக்குப் பின்னாலிருந்த களஞ்சிய அறையின் கதவு பாதி திறந்திருந்தது. ஒருத்தரும் நிற்கவில்லை என்று மற்றக் காவலாளி மறைத்த ஆளை அதற்குள்தான் இவ்வளவு நேரமும் வைத்திருக்கிறார்கள். நெஞ்சுப் பட்டியில் வீரபாகு என்று இருந்தது. அவருக்கும் ஐம்பது வயதிருக்கும்.

“வெடிக்கலியே?” என்றார் வீரபாகு, மலையகத்துப் பேச்சில், மெதுவாக.

“என்ன வெடிக்கிறது?”

“பை.”

தில்லைநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக விளங்கியது. கையை நீட்டிக் கொடுத்த காவலாளி, சுவரோடு ஒட்டிய நஸ்மியா, எழுந்து போன தாய், படியிறங்கிய பிள்ளைகள். கிளிநொச்சி ஆள் ஒருத்தர் கையைத் தூக்கிக்கொண்டு வருகிறார், கேட்காமலே அட்டையைக் கொடுக்கிறார், கயிறு கட்டிய பையை வைத்துவிட்டு மேலே போகிறார். இவர் நுழைந்த நேரத்திலிருந்து இந்த மூன்று மாடியும் தில்லைநாதனுக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பிறந்த நாள் முதல் அவருக்கு யாரும் பயந்ததில்லை. சிவலட்சுமியின் கோழிகள்கூடப் பயப்படுவதில்லை.

“ஐயா, பையில என்னாங்க இருக்கு?” என்று வீரபாகு கேட்டார். அந்தக் கேள்வியை அன்று முழுவதும் அந்தக் கடையில் ஒருவரும் கேட்கவில்லை.

“பிளாஸ்க்.”

“கிலுக்கு கிலுக்குங்குதே?”

“உள்ளுக்குக் கண்ணாடி உடைஞ்சுபோச்சு.”

“எப்படி ஒடஞ்சுச்சு?”

வழி முழுக்க உருட்டி வைத்த பொய் வாயின் நுனிவரை வந்தது. நிலத்தில் கிடந்துகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

“நான்தான் உடைச்சனான். சுடுதண்ணியை ஒரேயடியா ஊத்திப்போட்டன்.”

“அப்புறம் கையை ஏன் தூக்குனீங்க?”

“பழக்கம்.”

“ஆமாங்க,” என்று பெருமூச்சு விட்டார் வீரபாகு. “நானும் கிளிநொச்சிப் பக்கம் தர்மபுரத்துல பத்து வருசம் இருந்தவன்தான். இந்த உடுப்பு போட்ட மொத நாளு, கண்ணாடியில என்னையே பாத்து நானே பயந்துட்டேன்.”

தூணடியில் நிஷாந்தன் முனகிக்கொண்டு தலையைத் தூக்கப் பார்த்தான். கீழே யாரோ படியேறும் சத்தம் கேட்டது. தில்லைநாதன் தட்டின் அடியால் இன்னும் கொஞ்சம் ஊர்ந்தார். மூக்கோடு மூக்கு முட்டும் தூரம்.

“அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். இருக்கோ, இல்லையோ? என்ரை ஐசி எங்கை?”

வீரபாகு படியின் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னார்.

“மனேஜர் கொழும்புல இருக்காரு. போன்ல கேட்டாங்க. ஆமான்னும் சொல்லாதீங்க, இல்லன்னும் சொல்லாதீங்கன்னாரு. நாலு மணிக்கு மறுபடி எடுத்து, ஐசிய பொலிஸ்ல குடுத்துருன்னுட்டாரு. நான்தான் வாங்குனேன், நானே கொண்டுபோய்க் குடுக்கணும்னு என் கையில தந்தாங்க. ஒங்க பிளாஸ்க்க மாத்தித் தரமாட்டாங்க, அது ஒங்க பெழ. இந்தக் கதவால போனா பின்பக்கப் படி இருக்கு, எறங்குனா சந்து, சந்து முடியிற எடத்துல ஓமந்த வேன்.”

கிடந்தபடியே தொப்பியைக் கழற்றினார். உள்பக்கத் துணிக்குள், வியர்வையில் நனைந்து, மீசையும் முறைப்புமாக இருபது வருடத்துக்கு முந்திய தில்லைநாதன் இருந்தார்.

“பொலிஸ்ல நான் குடுக்கல. இந்தாங்க.”